எம்டன் பீரங்கியை உருக்கலாமா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

என் தம்பிக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் ஒன்று. ஆனால் பாட்டி அவனை அழைப்பது "எம்டன்" என்றுதான். பூட்டிய அலமாரியைத் திறந்து அதிரசத்தை எடுத்துக்கொண்டு, மறுபடியும் பூட்டிச் சாவியை அதே ஆணியில் மாட்டி வைப்பவனுக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்? "சரியான எம்டன்டி இவன்! எப்படி வந்தான், எப்படிப் போனான்னே தெரியல" என்று பாட்டி அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பாதி பெருமை என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு எம்டன்கள் இருக்கிறார்கள். ஆகவே, எம்டன் என்பது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பதை நான் எட்டாம் வகுப்பில்தான் அறிந்தேன் என்றால் என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

சென்ற ஆண்டு நம் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டியின் தலைப்பு தோழியருக்கு நினைவிருக்கும். "பழைய போர்க்கருவிகளைப் பாதுகாப்பது தேவையா?" தேவையில்லை என்று பேசி முதற்பரிசாக ஓர் எவர்சில்வர் டப்பா பெற்றவள் நான். "ஆஸ்திரேலியாவில் நிற்கும் எம்டன் பீரங்கியை உருக்கி ஆயிரம் தையல் ஊசி செய்யுங்கள்!" என்று நான் முடித்தபோது கைதட்டல் ஓயச் சிறிது நேரம் ஆனது. இன்று அதே நான் அந்தப் பீரங்கியை உருக்கக் கூடாது என்று எழுதுகிறேன். பரிசை வாங்கிக்கொண்டு பேச்சை மாற்றலாமா என்று கேட்பீர்கள். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க நான் தயார். ஆனால் அதில் இப்போது அம்மா கடுகு வைத்திருக்கிறார்.

மனம் மாறிய கதையைச் சொல்லுமுன், அந்தப் பீரங்கி நமக்கு என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எம்டன், 1908-ஆம் ஆண்டு டான்சிக் நகரில் நீரில் இறக்கப்பட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல். அதில் பத்துப் பெரிய பீரங்கிகள். ஒவ்வொன்றின் வாயும் பத்தரை சென்டிமீட்டர் அகலம்; குழலின் நீளம் அதைப்போல நாற்பது மடங்கு, அதாவது நான்கு மீட்டருக்கும் மேல். நம் வகுப்பறையின் கரும்பலகையைவிட நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும், கார்ல் வான் முல்லர் என்ற தலைவரின் கீழ் அது தன் கூட்டத்தைப் பிரிந்து தனியே வங்கக் கடலுக்கு வந்தது. பொய்யாக ஒரு நான்காவது புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆங்கிலேயக் கப்பலாகத் தோன்றியது. இரண்டே மாதத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது. பிடிபட்ட கப்பல்களின் மாலுமிகளை முல்லர் மரியாதையாக நடத்தினார் என்று எதிரி நாட்டுச் செய்தித்தாள்களே புகழ்ந்தன. என் தம்பியும் அகப்பட்டுக்கொண்டால் மிகவும் மரியாதையாகத்தான் பேசுவான்.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பது மணிக்கு மேல். சென்னைத் துறைமுகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர்நீதிமன்றத்தின் மிக உயரமான கோபுரத்தின் உச்சியில்தான் அந்நாளில் கலங்கரை விளக்கம் இருந்தது. 1894 முதல் 1977 வரை அது அங்கேதான் எரிந்தது. கப்பல்களுக்கு வழிகாட்டி உயிர் காக்க ஏற்றிய விளக்கு, அன்றிரவு எம்டனுக்கும் வழி காட்டியது! கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்து, தன் ஒளிவிளக்குகளைப் போட்டுக்கொண்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகளை நோக்கி அது சுட்டது. அரைமணி நேரத்திற்குள் ஏறத்தாழ 125 குண்டுகள். தொட்டிகள் இரண்டு பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற 'சுப்ரா' என்ற வணிகக் கப்பல் அடிபட்டது. சில குண்டுகள் நகருக்குள்ளும் விழுந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் திருப்பிச் சுட்டவற்றில் ஒன்றுகூட எம்டன் மேல் படவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கப்பல் இருளில் மறைந்தது.

குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள்.

அடுத்த நாட்களில் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். நம் காட்பாடி வழியாக வரும் வண்டிகளிலும் எத்தனை குடும்பங்கள் ஏறியிருக்கும்! 'எம்டன்' என்ற சொல் தமிழில் நுழைந்தது அப்போதுதான். தந்திரசாலிக்கும், எதற்கும் அஞ்சாதவனுக்கும், வீட்டில் கண்டிப்பான அப்பாவுக்கும் அந்தப் பெயர் வந்தது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்றும் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு உறுதியான சான்று கிடைத்ததில்லை, ஆகையால் தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

எம்டனின் முடிவு 1914 நவம்பர் 9. கோகோஸ் தீவில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க அது சென்றது. நிலையத்தார் அதற்குள் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டார்கள். அருகே படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாக வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான 'சிட்னி' விரைந்து வந்தது. முதலில் குறி தவறாமல் அடித்தது எம்டன்தான். ஆனால் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. உடைந்து எரிந்த எம்டனை முல்லர் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறை மேல் ஏற்றி நிறுத்தினார். எம்டனில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள், சிட்னியில் நால்வர். பல ஆண்டுகள் அந்தக் கப்பல் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. 1950-களில் ஒரு ஜப்பானிய நிறுவனம் பெரும்பகுதியை உடைத்து இரும்பாக எடுத்துச் சென்றது. எஞ்சிய துண்டுகள் இன்றும் நீருக்கடியில் இருக்கின்றன.

பீரங்கிகள் சில அதற்கு முன்பே தப்பித்துவிட்டன. ஆஸ்திரேலியர்கள் அவற்றைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். ஒன்றைச் சிட்னி நகரின் ஹைடு பூங்காவில் 1917-இல் பீடம் கட்டி நிறுத்தினார்கள். மற்றொன்று கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தில் இருக்கிறது.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது. என் பெரியம்மா மகள், வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து, இப்போது சிட்னியில் வேலை பார்க்கிறார். போட்டிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தப் பூங்காவுக்குச் சென்று, பீரங்கியைப் பல பக்கங்களிலிருந்தும் படமெடுத்து அனுப்பினார். "நீ உருக்கச் சொன்ன பீரங்கி இதுதாண்டி. பக்கத்துல ஒரு குழந்தை ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு நிக்குது பாரு" என்று எழுதியிருந்தார். வண்ணம் பூசி நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். அதன் வாய் என்னை நோக்கி இருந்த படத்தை நான் வெகுநேரம் பார்த்தேன். 125 குண்டுகளில் எத்தனை இந்த வாய் வழியாக வந்திருக்கும்? பேச்சுப் போட்டியில் 'பீரங்கி' என்று பத்து முறை சொன்னேன். ஒருமுறைகூட இப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் மேஸ்திரி. நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது. "கடல்ல கெடந்த இரும்பாச்சே. உப்பை எடுத்தாங்களாமா?"

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோலும் உப்பும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பிட்டு வருகிறது. ஆனால் பதனிடுமுன் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, அந்த உப்பை முழுவதும் வெளியேற்றியாக வேண்டும். (அந்த உப்புத் தண்ணீர் பிறகு எங்கே போனது என்று பாலாற்றங்கரையில் வாழ்கிற நம்மிடம் யாரும் சொல்ல வேண்டாம். அது வேறொரு கட்டுரை.) கடலில் கிடந்த இரும்பும் அப்படியேதான் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் துருவுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. மேலே சுரண்டி வண்ணம் பூசினால் சில காலம் அழகாக இருக்கும். உள்ளேயிருந்து துரு மறுபடியும் கொப்புளித்து வரும். ஆகவே, கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிகளைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மூழ்க வைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, குளோரைடை வெளியே இழுக்கிறார்கள். கரைசலைச் சோதித்துச் சோதித்து மாற்றுகிறார்கள். பெரிய பீரங்கி என்றால் இதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும். மின்சாரத்தால் பழம்பொருளைக் காப்பது நமக்கும் புதிதன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய ஆய்வுக்கூடத்தில் பரமசிவன் என்ற வேதியியல் அறிஞர் நம் செப்புத் திருமேனிகளை இம்முறையால் காப்பாற்றினார்.

அதற்குப் பின் செய்வதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. உப்பு நீங்கிக் கழுவி உலர்த்திய இரும்பின் மேல் டானிக் அமிலம் பூசுகிறார்கள். அது துருவோடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்பாக மாறி ஒட்டிக்கொள்கிறது. மேலே மெழுகு பூசிவிட்டால் காற்றும் ஈரமும் எளிதில் அண்டுவதில்லை. டானிக் அமிலம் எது? ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் இருக்கும் அதே துவர்ப்புதான்! பட்டைச் சாற்றில் ஊறும் தோலின் மேல் ஓர் இரும்பு ஆணி விழுந்துவிட்டால் கறுப்புக் கறை படிந்துவிடும் என்று டேனரியில் எல்லாரும் பயப்படுவார்களாம். இங்கே தோலைக் கெடுக்கும் கறையே அங்கே பீரங்கியைக் காக்கும் கவசமாகிறது. இதை நான் படித்துச் சொன்னபோது அப்பா, "அப்போ உங்க ஆஸ்திரேலியாக்காரனுக்கு நம்ம கடுக்காய்தான் வேணும்" என்று சிரித்தார். அன்று முழுவதும் அவருக்கு மிகுந்த உற்சாகம்.

ஆனால் தொழில்நுட்பம் மட்டும் என் மனத்தை மாற்றவில்லை. நன்றாகச் செய்ய முடியும் என்பதற்காக ஒன்றைச் செய்தே ஆகவேண்டும் என்பதில்லையே!

நம் வரலாற்று சிஸ்டர் உருக்கத்தான் வேண்டும் என்ற கட்சி. வாளைக் கலப்பையாக்கும் வேத வாக்கியத்தை அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. வியன்னா நகரப் பேராலயத்தின் பெரிய மணி, துருக்கியர் விட்டுச் சென்ற பீரங்கிகளை உருக்கி 1711-இல் வார்க்கப்பட்டது என்றும் சொன்னார். எவ்வளவு அழகான செயல்! அடுத்த நாள் நானும் ஒன்றைத் தேடிப் படித்துக்கொண்டு போனேன். எம்டன் அழிந்த அதே போரில், ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான கோயில் மணிகளை இறக்கி ஆயுதங்களுக்காக உருக்கினார்கள். "சிஸ்டர், உலையில் போட்டால் பீரங்கி மணியாகும், மணியும் பீரங்கியாகும். உலைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இதை எழுதிக் கொண்டு வாம்மா" என்றார். அப்படித்தான் இந்தக் கட்டுரை உங்கள் கைக்கு வந்தது.

நம் ஆற்காட்டையே பாருங்கள். 1751-இல் இங்கே கோட்டையை முற்றுகையிட்ட ஐம்பது நாளில், ஔரங்கசீப் காலத்தது என்று சொல்லப்பட்ட ஒரு மாபெரும் பீரங்கியைக் கிளைவ் நாளுக்கு ஒருமுறை சுடச் செய்தாராம். நான்காம் நாள் அது வெடித்துச் சிதறியதாம். ஆயிரம் ஜோடி எருதுகள் இழுத்து வந்தது என்ற கதையும் உண்டு. அந்தப் பீரங்கி எங்கே? கோட்டையே இல்லை, பாலாற்றங்கரையில் டில்லி கேட் மட்டும் நிற்கிறது. பொருள் போனபின் ஆயிரம் ஜோடி எருதுகள்தான் மிச்சம், அதாவது கதை. சிங்கப்பூரிலும் அப்படியே. ஜொகூர் அரணில் இருந்த பதினைந்து அங்குலக் கடற்படைப் பீரங்கிகளை 1942-இல் ஆங்கிலேயரே தகர்த்துவிட்டுச் சரணடைந்தார்கள். இன்று அங்கே பார்வையாளருக்காக நிற்பது பிற்காலத்தில் செய்துவைத்த மாதிரி. மாதிரியைப் பார்த்து யாராவது அஞ்சுவார்களா? எந்த உயிரையும் எடுக்காத இரும்பு அது.

ஆகையால் எம்டன் பீரங்கி இருக்கட்டும் என்கிறேன். ஆனால் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பழுது நீக்குவது வேறு. புது மாப்பிள்ளை போல அலங்கரிப்பது வேறு. மணலை வேகமாக அடித்துத் துருவை நீக்கும் முறை மலிவானது. அதில் துருவோடு இரும்பின் மேற்பரப்பும், செய்தவன் பொறித்த அடையாளங்களும் போய்விடும். போரில் பட்ட அடியை அடைத்து, மழமழவென்று தேய்த்து, வண்ணத்தில் முகம் பார்க்கும்படி வைத்தால் அது வெற்றிக் கோப்பை ஆகிவிடுகிறது. அடிபட்ட இடம் அடிபட்டதாகவே தெரிய வேண்டும். வீக்கம் வடிந்தபிறகும் தழும்பு இருக்கத்தானே செய்யும்!

இன்னும் ஒன்று. இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். எம்டன் நம்மைச் சுட்ட அதே போரில் நம் பக்கத்துத் தோலுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்சுக்கு மேல்தோலாகப் போனது. 1916-இல் அரசாங்கமே அந்த வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. என் தாத்தாவின் அப்பா அந்நாளில் பேர்ணாம்பட்டில் ஒரு தோல் மண்டியில் கணக்கு எழுதியவர். நாங்கள் இருக்கும் வீட்டின் முன்கட்டு அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்தது என்று பாட்டி சொல்வார். மேடையேறி "போர்க்கருவிகளை உருக்குங்கள்" என்று முழங்கினேனே, அந்தப் பேச்சை நான் எழுதியது போர் கட்டிக் கொடுத்த திண்ணையில் உட்கார்ந்து! எதிரியின் பீரங்கியை உருக்கச் சொல்வது சுலபம். திண்ணையை யார் இடிப்பது?

சென்ற ஆண்டுக் கல்விச் சுற்றுலாவில் நாம் சென்னை உயர்நீதிமன்றத்தின் கீழைச் சுவரருகே நின்றோம். எம்டன் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல் அங்கே இருக்கிறது. கப்பலின் பெயர் உண்டு, நாள் உண்டு. நாம் என்ன செய்தோம்? "உன் தம்பி பேரை எழுதியிருக்காங்க!" என்று ஒருத்தி சொல்ல, அனைவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நானும் சிரித்தேன். வெயில் அதிகமென்று உடனே பேருந்தில் ஏறிவிட்டோம். அந்தக் கல்லில் அன்றிரவு இறந்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை என்பதை எங்களில் யாரும் கவனிக்கவில்லை.

எம்டனில் உயிர் தப்பிய மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதி கொடுத்தது. பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் தொடர்ந்தது. முல்லரின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. பீரங்கிக்குப் பீடம் இருக்கிறது. கப்பலின் பெயர் என் தம்பியின் தலையில்கூட உட்கார்ந்திருக்கிறது. துறைமுகத்தில் கூலிக்கோ காவலுக்கோ நின்று, சண்டை யாருக்கும் யாருக்கும் என்றுகூடத் தெரியாமல் இறந்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. பழுதுபார்க்க வேண்டியது பீரங்கி மட்டுந்தானா? 1914-ஆம் ஆண்டுச் செய்தித்தாள்களையும் துறைமுகப் பதிவேடுகளையும் பெரியவர்கள் புரட்டித் தேட வேண்டும். கிடைக்கும் பெயர்களை அந்தச் சுவரில் பொறிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கும் எம்டன் குண்டின் துண்டுக்குப் பக்கத்திலும் எழுதி வைக்க வேண்டும். சிட்னியில் பீரங்கிக்குக் கீழேயும், "இது சென்னையைச் சுட்டது, இன்னின்னார் இறந்தார்கள்" என்று ஒரு சிறு பலகை இருந்தால், ஐஸ்கிரீம் சாப்பிடும் அந்தக் குழந்தையின் அம்மா அதைப் படித்துக் காட்டுவாள் அல்லவா? அந்த நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி அக்கா கேட்டிருக்கிறார். ஆங்கில டீச்சர் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், மூன்றாவது பரவாயில்லை.

இந்த ஆண்டும் சுற்றுலா சென்னைக்கே என்று மதர் அறிவித்திருக்கிறார்கள். அந்தச் சுவரருகே பத்து நிமிடம் நின்று, ஒரு பூமாலை வைத்து, இறந்தவர்களுக்காகச் செபம் சொல்லலாம் என்று நம் சிஸ்டர் இசைந்துவிட்டார். மாலைக்கான காசைப் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு போடுகிறது; 'அ' பிரிவுத் தோழியரும் விரும்பினால் சேரலாம். இதைப் பாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். பிறகு, "பஸ்ஸுல எனக்கு ஒரு எடம் இருக்குமான்னு உங்க சிஸ்டரைக் கேட்டுப் பாரு. அந்த எம்டனையும் கூட்டிக்கிட்டு வரேன், அவன் பேரு எங்கேயிருந்து வந்துச்சுன்னு அவனும் பார்க்கட்டும்" என்றார்.